எடை இறங்கியது, தூக்கம் அசையவில்லை: சிகாகோ விரத ஆய்வும் அதிக எடையுள்ள பெண்களும்

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், அதாவது இடைவெளி விட்டுச் சாப்பிடும் விரதம் இருந்தால் உடம்பு குறையும், கூடவே படுத்தவுடன் தூக்கம் வரும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். முதல் பலனை அளந்த ஆய்வுகள் நிறைய. இரண்டாவதையும் அதே ஆட்களிடம், அதே வாரங்களில், ஒப்பீட்டுக்கு ஒரு குழுவை வைத்துக்கொண்டு அளந்தவை குறைவு. சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டா வரடியின் குழு நடத்தி 2020-இல் வெளியிட்ட எட்டு வார ஆய்வு அந்தச் சிலவற்றில் ஒன்று. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எடை இறங்கியது, தூக்கம் பற்றிய எந்த அளவும் குறிப்பிடும்படி மாறவில்லை. ஏன் அப்படி ஆயிற்று, அதிலிருந்து ஒரு பெண் தன் வீட்டில் எதைச் செய்யலாம், எதை விரதத்திடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதே இங்கே பேசப்போவது.

ஆய்வு எப்படி அமைந்தது

உடல் பருமன் உள்ள 58 பேர் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 30-க்கு மேல் இருந்தால்தான் சேர முடியும். ஒரு குழு மாலை 3 மணி முதல் 7 மணி வரை மட்டும் சாப்பிட வேண்டும். இன்னொன்று பகல் 1 மணி முதல் இரவு 7 வரை. மூன்றாவது குழு எப்போதும்போலச் சாப்பிட்டு எடையை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். முதல் இரு குழுக்களுக்கும் அந்த நேரத்துக்குள் என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்ற கட்டுப்பாடே இல்லை. கலோரி கணக்கும் வேண்டாம். மற்ற நேரத்தில் தண்ணீர், பால் சர்க்கரை இல்லாத காபி, டீ போன்ற கலோரியற்ற பானங்கள் மட்டும்.

கடைசிவரை நின்றவர்கள் 49 பேர். வாரத்தில் ஆறு நாளுக்குச் சற்று மேல் நேரத்தைக் கடைப்பிடித்ததாகக் குறித்துக்கொடுத்தார்கள். தொடக்க வாரங்களில் சிலருக்குத் தலைச்சுற்றல், தலைவலி, குமட்டல் இருந்தன. மூன்றாம் வாரத்துக்குள் அடங்கின.

தூக்கத்துக்கு மூன்று கேள்வித்தாள்கள். முதலாவது பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு: கடந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டு 0 முதல் 21 வரை மதிப்பெண் தரும், 5-க்கு மேல் போனால் தூக்கத் தரம் மோசம். இரண்டாவது தூக்கமின்மைத் தீவிரக் குறியீடு: ஏழு கேள்விகள், 28 வரை மதிப்பெண், 7 வரை பிரச்சினை இல்லை, 8 முதல் 14 வரை லேசான தொந்தரவு, 15-ஐத் தொட்டால் சிகிச்சை தேவைப்படும் தூக்கமின்மை. மூன்றாவது பெர்லின் கேள்வித்தாள்: குறட்டை, பகல் அசதி, ரத்த அழுத்தம், பிஎம்ஐ ஆகியவற்றை வைத்து, தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவுக்கான வாய்ப்பைக் கணிக்கும்.

எடை இறங்கிய கணக்கு

நான்கு மணி நேரக் குழுவும் ஆறு மணி நேரக் குழுவும் தம் எடையில் ஏறத்தாழ 3.2 சதவீதம் இழந்தன. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இரு குழுக்களிலும் உணவு நாளொன்றுக்கு ஏறக்குறைய 550 கலோரி தானாகவே குறைந்திருந்தது. இந்த 550-ஐ 56 நாளால் பெருக்கினால் 30,800. ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்குச் சுமார் 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்குப்படி 4 கிலோ வரும். நூறு கிலோ உள்ளவருக்கு 3.2 சதவீதம் என்பது 3.2 கிலோ. சாப்பிட்டதைக் குறித்து வைப்பவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் குறைத்தே எழுதுவார்கள். எடை குறையும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறையும். இந்த இரண்டையும் கழித்துப் பார்த்தால் கணக்கு ஒத்துப்போகிறது. விரத நேரத்தில் உடலுக்குள் ஏதோ தனி மாயம் நடந்து எடை குறைந்தது என்று சொல்ல இங்கே இடமில்லை.

இதை வேறொரு பக்கமிருந்து உறுதிப்படுத்தியது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு. கலந்துகொண்ட 41 பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். இரு குழுக்களுக்கும் ஒரே அளவு கலோரி உள்ள உணவை ஆய்வுக் குழுவே சமைத்துக் கொடுத்தது. ஒரு குழு காலை 8 முதல் மாலை 6 வரை, பெரும்பகுதியைப் பகல் 1 மணிக்கு முன்பே சாப்பிட்டது. மற்றது வழக்கப்படி, பாதியை மாலை 5-க்கு மேல் சாப்பிட்டது. பன்னிரண்டு வாரத்தில் முதல் குழு 2.3 கிலோ, இரண்டாவது 2.6 கிலோ இழந்தன. கலோரியைச் சமமாக்கியதும் கடிகாரத்தின் பலன் காணாமல் போயிற்று.

ஆக, நேரக் கட்டுப்பாடு என்பது கலோரியைக் குறைப்பதற்கான ஒரு வழி. எண்ணிப் பார்க்கும் வேலை இல்லாத வழி என்பதே அதன் சிறப்பு. வரடியின் குழுவே 2023-இல் 90 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்திய இன்னொரு ஆய்வில், பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட 4.6 கிலோவும், கலோரி எண்ணிக் கால்பங்கு குறைத்தவர்கள் 5.4 கிலோவும் அதிகம் இழந்தார்கள். இரண்டு வழிகளுக்கும் இடையே புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. பெண்களை மட்டுமே கொண்டு மான்செஸ்டரில் நடந்து 2011-இல் வெளியான ஆய்விலும் இதே கதைதான். அதிக எடையுள்ள, மாதவிடாய் நிற்காத 107 பெண்களில் ஒரு பாதி வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சுமார் 650 கலோரி சாப்பிட்டது. மறுபாதி தினமும் கால்பங்கு குறைத்துக்கொண்டது. ஆறு மாதத்தில் 6.4 கிலோ, 5.6 கிலோ.

சிகாகோ ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு: நான்கு மணி நேரத்துக்குள் அடைத்துக்கொள்வது வீண் சிரமம். ஆறு மணி நேரமே அதே பலனைத் தந்திருக்கிறது. வீட்டு நடப்புக்கு எட்டு மணி நேரம் இன்னும் எளிது. சற்று மெதுவாக இறங்கும், ஆனால் மாதக் கணக்கில் நிலைக்கும்.

தூக்கம் ஏன் அசையவில்லை

எட்டு வார முடிவில் பிட்ஸ்பர்க் மதிப்பெண், தூக்கமின்மை மதிப்பெண், தூங்கும் நேர அளவு, ஆப்னியா வாய்ப்பு ஆகிய நான்கிலும் விரதக் குழுக்களுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது: வெறும் வயிற்றோடு படுத்தால் தூக்கம் கெடும் என்ற பயத்துக்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. இரவு 7-க்குச் சாப்பாட்டை முடித்தவர்களின் தூக்கம் மோசமாகவும் ஆகவில்லை.

மாறாததற்குக் காரணங்கள் பல. சேர்ந்தவர்கள் தூக்கப் பிரச்சினைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. விரதக் குழுக்களின் சராசரி பிட்ஸ்பர்க் மதிப்பெண் தொடக்கத்திலேயே 6-ஐ ஒட்டித்தான், அதாவது எல்லையைச் சற்றே தாண்டித்தான் இருந்தது. கீழே இறங்க அதிக இடமில்லாத எண் பெரிதாக இறங்காது. எட்டு வாரமும் குறுகிய காலம். கேள்வித்தாள் நினைவைக் கேட்கிறதே தவிர மூச்சையோ மூளை அலையையோ அளப்பதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் எடை இழப்பின் அளவு. ஆப்னியா இருக்கும் பெண்ணின் தொண்டையைச் சுற்றியும் நாக்கின் அடியிலும் சேர்ந்த கொழுப்பு கரைந்தால்தான் மூச்சுவழி அகலும். விஸ்கான்சினில் நூற்றுக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் 10 சதவீதம் குறைந்தால் மணிக்கு மூச்சு தடைபடும் எண்ணிக்கை ஏறத்தாழ 26 சதவீதம் குறையும் என்று கணித்தார்கள். அதே விகிதத்தில் பார்த்தால் 3 சதவீத எடை இழப்புக்கு 8 சதவீதம்தான் கிடைக்கும். மணிக்கு 20 முறை மூச்சு தடைபடுகிறவருக்கு அது 18 ஆகும். காலையில் எழும்போது அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

எவ்வளவு எடை போனால் தெரியும் என்பதற்கு வேறு இரண்டு அளவுகோல்கள். சர்க்கரை நோயும் ஆப்னியாவும் சேர்ந்து இருந்த 264 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், தீவிர வாழ்க்கைமுறை மாற்றத்தால் ஓராண்டில் சராசரி 10.8 கிலோ இறக்கியவர்களுக்கு, ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்க்கையில், மணிக்கு ஏறக்குறைய 10 தடைகள் குறைந்தன. எடை குறைக்கும் டிர்செபடைடு ஊசி 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஆப்னியாவுக்கென்றே அனுமதி பெற்றதன் பின்னால் இருந்த ஆய்வுகளில், ஓராண்டில் எடை 18 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது. மணிக்கு 25-க்கு மேல் தடைகள் குறைந்தன. ஆக மூன்று கிலோ விரதத்தால் குறட்டை நிற்கும் என்று எதிர்பார்ப்பது கணக்குக்கு ஒவ்வாதது.

நன்றாகத் தூங்கினோம் என்று சொன்னவர்கள்

அப்படியானால் விரதம் தொடங்கியதும் தூக்கம் நன்றாக வருகிறது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் சச்சின் பாண்டாவின் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமான ஒரு ஊற்று. நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் எதையாவது கொறித்துக்கொண்டிருந்த, அதிக எடையுள்ள எட்டுப் பேர் 10 - 11 மணி நேரத்துக்குச் சுருக்கிக்கொண்டு, 16 வாரத்தில் 3 கிலோவுக்குச் சற்று மேல் இழந்தார்கள்; நன்றாகத் தூங்கியதாகவும் சொன்னார்கள். 2020-இல் அந்த நிறுவனமும் சான் டியாகோ கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 19 பேரிடம் செய்த ஆய்விலும் அதே மாதிரி. இரண்டிலும் ஒப்பீட்டுக் குழு கிடையாது. எடை குறைந்த மகிழ்ச்சியில் இருப்பவரிடம் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டால் நன்றாகத்தான் என்பார். ஒப்பீட்டுக் குழு சேர்ந்த இடங்களில் அந்தப் பலன் பெரும்பாலும் மங்கிப்போனது. சான் பிரான்சிஸ்கோவில் 116 பேரிடம் நடந்த, 2020-இல் வெளியான ஆய்வில் விரலில் மோதிரக் கருவி மாட்டித் தூக்கத்தை அளந்தார்கள். அங்கும் வேறுபாடு வரவில்லை.

ஆனாலும் சால்க் ஆய்வில் ஒரு துப்பு இருக்கிறது. அவர்கள் இரவு வெகுநேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். பதினொரு மணிக்கு முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்குப் படுக்கிறவருக்கு நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் தூக்கத்தைக் கலைக்கும். அவர் ஏழு, எட்டு மணிக்கு முடித்துக்கொண்டால் நன்றாகத் தூங்க வாய்ப்புண்டு. அந்தப் பலன் இரைப்பை காலியானதால் வந்தது. பதினாறு மணி நேரம் பட்டினி கிடக்காமலே அதைப் பெறலாம்: படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்தால் போதும்.

அதே நகரில், எதிர்த்திசையிலிருந்து

சிகாகோவின் தெற்குப் பகுதியிலுள்ள சிகாகோ பல்கலைக்கழகம் இதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறது: தூக்கத்தை மாற்றினால் எடைக்கு என்ன ஆகும்?

2010-இல் வெளியான முதல் ஆய்வு சிறியது, ஆனால் கறாரானது. அதிக எடையுள்ள பத்துப் பேர் இரண்டு வாரம் ஆய்வகத்திலேயே தங்கி, குறைந்த கலோரி உணவு சாப்பிட்டு, படுக்கையில் 8.5 மணி நேரம் இருந்தார்கள். பின்பு வேறொரு இரண்டு வாரம் அதே உணவு, 5.5 மணி நேரப் படுக்கை. இரண்டு முறையும் எடை ஏறத்தாழ 3 கிலோ குறைந்தது. தராசில் வித்தியாசம் இல்லை. உடலுக்குள்தான் வித்தியாசம்: நன்றாகத் தூங்கியபோது போனதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே கொழுப்பு, மீதி தசையும் அதைச் சார்ந்த நீரும். பசியும் கூடியிருந்தது. பத்துப் பேரில் மூவர்தான் பெண்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே பெண்களுக்குப் பொருத்தக் கூடாது. திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எஸ்ரா டசாலியின் குழு 2022-இல் வெளியிட்டது. பிஎம்ஐ 25-க்கும் 30-க்கும் இடைப்பட்ட, ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் 80 இளம் வயதினர், ஆண்களும் பெண்களுமாக. உணவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பாதிப் பேருக்குத் தூக்கப் பழக்கங்கள் பற்றி ஒருமுறை உட்காரவைத்துப் பேசி, 8.5 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் தூக்கம் சராசரி 1.2 மணி நேரம் கூடியது. சாப்பிட்ட அளவு ஒப்பீட்டுக் குழுவைவிட நாளொன்றுக்கு 270 கலோரி குறைந்தது. உணவுக் குறிப்பேட்டை நம்பாமல், கனமான ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களால் அடையாளமிட்ட நீரைக் குடிக்கச் செய்து அளந்த எண் இது. ஆறு மணி நேரச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு தந்த 550-இல் ஏறக்குறைய பாதியை, எந்தப் பட்டினியும் இல்லாமல் தூக்கம் தந்திருக்கிறது.

இரண்டு பல்கலைக்கழகங்களின் முடிவுகளையும் பக்கத்தில் வைத்தால் எங்கள் நிலைப்பாடு தெளிவு: விரதம் தூக்கத்தைச் சரிசெய்வதில்லை, ஆனால் தூக்கம் சரியானால் குறையும் எடையில் கொழுப்பின் பங்கு கூடலாம். எனவே தூக்கத்தை முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பெண்ணுக்குப் பொருத்தும்போது

சிகாகோவில் சேர்வதற்கான எல்லை பிஎம்ஐ 30. ஐந்தடி ஓரங்குலத்துக்கு, அதாவது 155 செ.மீ. உயரத்துக்கு அது 72 கிலோ. நம் உடல்வாகுக்கு இந்திய மருத்துவர்கள் வைக்கும் எல்லை 23-இல் அதிக எடை, 25-இல் பருமன்; அதே உயரத்துக்கு 55 கிலோவும் 60 கிலோவும். 62 கிலோப் பெண்ணிடம் 3.2 சதவீதம் என்றால் இரண்டே கிலோ. அதை எதிர்பார்த்து இறங்கினால் ஏமாற்றம் இருக்காது. 2019 - 21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல். அதே வயதினரில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த இரண்டாவது எண் தூக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடையது: இரும்புச் சத்து குறைந்தால் படுத்ததும் கால் குடைச்சல் வந்து, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 75-க்குக் கீழே இருந்து கால் குடைச்சலும் இருந்தால் இரும்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். விரதம் இந்தக் குடைச்சலைத் தீர்க்காது. சாப்பாட்டைக் குறைத்துக் கீரையும் முட்டையும் கறியும் போய்விட்டால் கூட்டவே செய்யும்.

விரதம் தொடங்குமுன் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து வைப்பது நல்லது. படுத்த நேரம், தூங்கியதாக நினைக்கும் நேரம், இரவில் விழித்த தடவை, எழுந்த நேரம், பகலில் கண் சொக்கியதா. தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்தால் வருவது 85 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கம் துண்டு துண்டாக இருக்கிறது என்று பொருள். எடையைக் காலையில் மலஜலம் கழித்தபின், வெறும் வயிற்றில் பார்த்து வாரச் சராசரியை எழுதவும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ ஏறும். விரதம் தோற்றுவிட்டதாகப் பலர் கைவிடுவது அந்த வாரத்தில்தான். இந்த மாதத்து பத்தாம் நாளைச் சென்ற மாதத்து பத்தாம் நாளோடு ஒப்பிடுங்கள். சுழற்சியின் நாளைச் சொல்கிறோம், நாள்காட்டித் தேதியை அல்ல.

இந்தக் குறிப்பேடு தூக்கப் பிரச்சினையை மூன்றாகப் பிரித்துவிடும். நேரம் இல்லாமல் குறைவாகத் தூங்குகிறவருக்கு வேண்டியது நேரம்: விடிகாலை நான்கரைக்கு எழுந்து பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிறவர் பத்து மணிக்கு விளக்கை அணைத்தாக வேண்டும், அல்லது அந்த வேலையை வீட்டில் இன்னொருவர் பகிர வேண்டும். நேரம் இருந்தும் தூக்கம் வராதவருக்குத் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சைதான் முதல் மருந்து: தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டுமே படுப்பது, இருபது நிமிடம்போல ஆகியும் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் உட்காருவது. போதுமான நேரம் தூங்கியும் அசதியாக எழுகிறவருக்கு ஆப்னியாவைச் சந்தேகிக்க வேண்டும். பெண்களிடம் அது எப்போதும் பெரிய குறட்டையாக வருவதில்லை. காலைத் தலைவலி, எரிச்சல், நள்ளிரவில் விழிப்பு, தீராத களைப்பு என்று வந்து, ரத்தசோகை என்றோ மனச்சோர்வு என்றோ பெயர் பெற்றுவிடும். மாதவிடாய் நின்ற பிறகு இதன் வாய்ப்பு கூடுகிறது. நாற்பதுகளின் இறுதியில் இரவில் உடல் கொதித்து வியர்த்து விழிப்பது வேறு. அதற்குச் சிகிச்சை மகப்பேறு மருத்துவரிடம்.

விரதத்தை ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம். முதல் வாரம் காலை 8 முதல் இரவு 8 வரை. அந்த ஒரு மாற்றமே, ஒன்பதரை மணிச் சாப்பாட்டுக்குப் பழகிய வீட்டில் பெரிது. இரண்டாம் வாரம் காலை 9 முதல் இரவு 7. மூன்றாம் வாரத்திலிருந்து 10 முதல் 6, அல்லது 11 முதல் 7. பகல் 12 முதல் 8 வரை என்பது ஊரில் பிரபலமானது, ஆனால் பத்து மணிக்குப் படுக்கிறவருக்கு அது ஒத்துவராது. வயிறு நிறைந்தபடி படுக்க நேரும்.

புரதம் குறையக் கூடாது என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோ ஆய்வில், உடல் கூறு அளக்கப்பட்ட விரதக்காரர்கள் இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத திசு. ஒரு வேளை உணவை வெட்டும்போது வெட்டுப்படுவது பெரும்பாலும் முட்டை, பருப்பு, பால்தான்; சோறு வெட்டுப்படுவதில்லை. எழுபது கிலோப் பெண்ணுக்கு நாளுக்கு 60 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். முட்டை இரண்டு 12 கிராம். சாம்பாரில் போகும் துவரம்பருப்பு 40 கிராம் என்றால் 9. கொண்டைக்கடலை 50 கிராம் ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10. தயிர் 200 மி.லி. 6 அல்லது 7. மீன் 100 கிராம் 18 முதல் 20. இட்லியும் சோறும் சேர்ந்து மீதி. சைவம் என்றால் மீனுக்குப் பதில் 100 கிராம் பனீர் அதே புரதம் தரும், கொழுப்பு கூடுதலாக. வாரம் இரண்டு நாள் பளு தூக்கும் பயிற்சி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்கலாம்.

சறுக்கும் இடங்கள்

பால் டீ. நூறு மில்லி பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு குவளை ஏறத்தாழ 100 கலோரி. விரத நேரத்தில் மூன்று குடித்தால் 550-இல் பாதிக்கு மேல் போய்விட்டது. காலையில் டீயை விட முடியாதவர் அதை விரதத்தின் முடிவாகக் கணக்கிட்டு, மாலையில் சாப்பாட்டை அதற்கேற்ப முன்தள்ளுவதே நேர்மையான வழி.

டிக்காஷன். கலோரி இல்லை என்பதற்காகப் பசியை அடக்கக் கருங்காபியாகக் குடித்துத் தள்ளுகிறார்கள். காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம்போல ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததை 2013-இல் அளந்திருக்கிறார்கள். விரதம் தூக்கத்தைக் கெடுத்தது என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கடைசிக் காபி பகல் ஒரு மணிக்கு.

தண்ணீரைப் பகலில் மறந்துவிட்டு, இரவு ஏழு மணிக்கு மேல் வயிற்றை நிரப்ப ஒரு லிட்டர் குடிப்பது. பிறகு இரண்டு முறை கழிப்பறைக்கு எழுவது. மாலை ஆறுக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு, எட்டு மணிக்கு வீட்டாருக்குத் தோசை வார்க்கும்போது ஓரத்தைப் பிய்த்துச் சட்னியில் தொட்டுக்கொள்வது. அடுப்படியில் நிற்கிறவர்தான் விரதமும் இருக்கிறார் என்ற நிலைமை ஆய்வுக் குறிப்புகளில் வருவதில்லை, வீட்டில் இதுவே பெரிய தடை. இரவுச் சமையலை ஐந்தரைக்கு முடித்து, தோசை வார்ப்பதை மற்றவர்களிடம் விட்டால்தான் இது ஓடும்.

ஹார்மோன் பற்றிய அச்சம் தனி. சிகாகோ குழு 23 பெண்களின் ரத்தத்தைப் பார்த்ததில் டிஹெச்ஈஏ என்ற ஹார்மோன் சுமார் 14 சதவீதம் குறைந்தது, டெஸ்டோஸ்டிரோன் மாறவில்லை. எட்டு வாரத்துக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தொடக்கூடாதவர்கள்: கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், 18 வயது ஆகாதவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் அளவை மாற்றாமல் ஒரு வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்; இரவில் இறங்கினால் வியர்த்து, கெட்ட கனவோடு விழிப்பு வரும், அதையும் தூக்கமின்மை என்று தவறாக எண்ணுவார்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு நீண்ட பட்டினியில் நீரிழப்பும், சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு. தைராய்டு மாத்திரைக்குச் சிக்கலில்லை. வழக்கம்போல விடியலில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு.

மூன்று மாதம் கழித்து

பன்னிரண்டாவது வாரம் குறிப்பேட்டைத் திறந்தால் நான்கு விதமாக இருக்கலாம். எடையும் இறங்கி, தூக்கமும் நன்றாக இருந்தால் தொடரலாம். எடை இறங்கி, தூக்கம் மட்டும் பழையபடி இருந்தால் விரதத்தை இறுக்குவதில் பயனில்லை. தூக்கத்துக்கான சிகிச்சையைத் தனியாகத் தொடங்க வேண்டும். தூக்கம் சரியாகி எடை நின்றுபோனால், சாப்பிடும் நேரத்தில் எண்ணெயும் சோறும் ஏறியிருக்கும்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, வெந்த சோறு நூறு கிராம் 130. இரண்டும் அசையாவிட்டால் தைராய்டு, ஃபெரிட்டின், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, எடை கூட்டும் மனநல மருந்துகள், ஸ்டீராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

குறட்டை, களைப்பு, தூக்கத்தில் மூச்சு நின்றதைப் பிறர் பார்த்தது, ரத்த அழுத்தம், பிஎம்ஐ 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் என்பது ஆகிய எட்டில் மூன்று பொருந்தினாலே தூக்கப் பரிசோதனை செய்யலாம். பெண்ணுக்குக் கடைசிக் கேள்வி கிடையாது என்பதால் மூன்று என்ற எண்ணுக்குக் கூடுதல் எடை. இப்போது விரலிலும் மூக்கிலும் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே ஓரிரவு செய்யும் கருவிகள் உண்டு. மணிக்கு 5 முதல் 15 தடை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. நடுத்தரமோ கடுமையோ வந்தால், மூச்சுவழி மூடாதபடி முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவியை உடனே தொடங்க வேண்டும். முதலில் பத்துக் கிலோ குறைத்துவிட்டு வருகிறேன் என்று தள்ளிப்போடுவது தவறு. கருவி மாட்டிய முதல் சில வாரங்களிலேயே பலருக்குத் தூக்கம் மாறும். எடை அதன் பின்னால் வரட்டும். பத்து சதவீதம் குறைந்த பிறகு மறுபரிசோதனை செய்து அழுத்த அளவை மாற்றிக்கொள்ளலாம், சிலர் கருவியையே நிறுத்திவிடலாம்.